கொறங்காடு, இட்டேரி, குட்டை: நம் ஊர் உயிர்களைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டத்தில், ஊத்துக்குளிக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஊருக்குக் கிழக்கே இருக்கும் மேய்ச்சல் புறம்போக்கில் ஐந்நூறு குழி எடுத்து, புங்கன், பூவரசு, வேம்பு என்று வரிசையாக நட்டு, போட்டோ எடுத்து, டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான். நானும் அவர்களோடு குழி தோண்டினேன். ஆடு மேய்க்கும் மாமா ஒருவர் மட்டும் தடியை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, புல்லு மொளைக்கிற எடத்துல மரத்த வெச்சா ஆடு எங்க போகும்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த குழிக்குப் போய்விட்டேன்.

அடுத்த கோடையில் முக்கால்வாசிக் கன்று காய்ந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. தண்ணீர் லாரி ஏறி இறங்கிய தடத்திலும், குழி மண்ணை வாரிக் கொட்டிய இடத்திலும் கொழுக்கட்டைப் புல் செத்து, பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துகொண்டது. வருடம் தவறாமல் அங்கே முட்டையிட்டு வந்த மஞ்சள் மூக்கு ஆள்காட்டி ஜோடியைக் காணவில்லை. அது வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டை வைக்கிற பறவை. அதற்கு மரம் தேவையே இல்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டி மரம் நடுவதில் தொடங்கவில்லை. இருப்பதைக் கெடுக்காமல் நிறுத்துவதில் தொடங்குகிறது. சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற மலைக்காடுகளுக்குப் புலிகள் காப்பகம் என்று பெயரும் வனத்துறைக் காவலும் இருக்கின்றன. கடல் நமக்கு இல்லை. மீதமிருப்பது சமவெளி: கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்), இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்), குட்டை, பள்ளம் (மழைநீர் ஓடை). இவற்றுக்குக் காவலர் கிடையாது. சொந்தமாக நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவரோ, ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவரோ, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் வருடம்: நோட்டு மட்டும், கடப்பாரை வேண்டாம்

ஒரு மழையையும் ஒரு கோடையையும் பார்க்காமல் ஒரு நிலத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது. சித்திரையில் செம்மண்ணாக, ஓடக்கல்லாகக் கிடக்கும் காடு, ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் முழங்கால் உயரப் புல்லாக நிற்கும். (எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். கிணறு இருந்தால் தோட்டம்.) சித்திரையில் மட்டும் வந்து பார்க்கிறவர் அதற்குத் தரிசு என்று பெயர் வைத்துவிடுவார். அந்தப் பெயர்தான் பிறகு சோலார் தகடு வருவதற்கும் மனைப்பிரிவு வருவதற்கும் வழி விடுகிறது.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாதம் இரண்டு முறை, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், ஒரே தடத்தில் நடங்கள். எதைப் பார்த்தீர்கள், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் ஊரில் சொல்லும் பெயரையே எழுதுங்கள். பறவைக்கு இ-பேர்ட், செடிக்கும் பூச்சிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்று செயலிகள் இருக்கின்றன. போட்டோ போட்டால் பெயர் சொல்ல ஆள் வருவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கூடு இருக்கும் இடம், நட்சத்திர ஆமை, உடும்பு கிடக்கும் இடம் ஆகியவற்றைத் துல்லியமாகப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். பார்ப்பவர்களில் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டியது மாறும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நம் பக்கம் மழை குறைவு, ஆனால் தூக்கணாங்குருவி கூடு பின்னத் தொடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தவளைச் சத்தத்தைக் கேளுங்கள். எந்தக் குட்டையில் முதலில் கத்துகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் மாலை வெயில் சாயும் நேரம் புல்வெளிக்கு மேல் தாழப் பறந்து வரும் பூனைப்பருந்து மத்திய ஆசியாவிலிருந்து வந்த விருந்தாளி. அது இரவில் மரத்தில் உட்காராது. புல்லுக்குள் தரையில்தான் படுக்கும். சித்திரை, வைகாசியில் ஆள்காட்டி முட்டை, பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடைக் குஞ்சு.

பெரியவர்களிடம் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். ஆடு மேய்த்தவர், பனை ஏறியவர், கிணறு வெட்டியவர். இவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் "முன்னெல்லாம் இருந்துச்சு" என்று ஒரு பட்டியல் கிடைக்கும். எங்கள் அப்பாரு (தாத்தா) சொன்ன பட்டியலில் முதலில் இருந்தது நரி. அந்தப் பட்டியலையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

2. நிலம் யாருடையது

இது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை (ஊரின் நிலப் பதிவேடு) பார்த்துப் புல எண், வகைப்பாடு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மேய்க்கால் புறம்போக்கா, வண்டிப்பாதையா, நீர்நிலையா, பட்டாவா என்பதைப் பொறுத்து யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது மாறும். குட்டை ஊராட்சியுடையதாக இருக்கலாம், பெரிய குளம் நீர்வளத்துறையுடையதாக இருக்கலாம். "ஊர்ப் பொது இடம்தானே" என்று ஜேசிபியை இறக்கினால், நல்ல காரியம் செய்யப் போய்ப் புகார் வாங்கி நிற்க வேண்டியிருக்கும்.

3. வேலியும் இட்டேரியும்

இட்டேரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் காட்டு வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துக்குத் தடம். அவ்வளவுதான். ஆனால் அந்த வேலி ஒரு நீளமான காடு. கிளுவை, திருகுகள்ளி, காரை, சூரை, சங்கஞ்செடி, ஆவாரை. அவற்றின் மேல் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான். கீழே சருகுக்குள் கீரி, ஓணான், அரணை, பாம்பு. மேலே தவிட்டுக்குருவிக் கூட்டம், செம்போத்து, சின்னான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காரைப்பழமும் சூரப்பழமும் தின்று வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு ஓர் உடும்பு போக வேண்டுமென்றால் இட்டேரி வழியாகத்தான் போகும். அதனால் உங்களிடம் இருக்கும் நேரமும் பணமும் கொஞ்சம்தான் என்றால் முதலில் இட்டேரியைக் காப்பாற்றுங்கள். இருக்கிற வேலியை அழியாமல் வைத்திருப்பதற்குச் செலவே இல்லை. அழித்துவிட்டுத் திரும்ப உண்டாக்க இருபது வருடம் போதாது.

செய்யக்கூடாதது: "கிளீன் பண்றது". புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும் என்று அடியோடு வழித்தெடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. நடக்கவும் டிராக்டர் போகவும் இடம் வேண்டுமானால் தடத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கொத்துக் கத்தியால் கழியுங்கள். ஒரு வருடம் ஒரு பக்கம், மறுவருடம் மறுபக்கம். வேருக்குத் தீ வைக்காதீர்கள். கழிக்கும் முன் கூடு இருக்கிறதா என்று ஒரு நடை நடந்து பாருங்கள்.

கம்பி வேலி போட்டுவிட்ட இடத்தில் மறுபடி உயிர்வேலி வைக்க முடியும். முள்ளுக்கிளுவைக்கு விதை தேட வேண்டியதில்லை, போத்து (வெட்டி நடும் குச்சி) போதும். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் செடியிலிருந்து கட்டைவிரல் மொத்தத்தில், மூன்று நான்கு அடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டியதை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, வெட்டுவாயில் பால் காய்ந்த பிறகு நடுவது நல்லது. ஓரடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் போல் தோண்டி, சாண் இடைவெளியில், ஒன்று இடப்பக்கம் சாய்ந்தும் அடுத்தது வலப்பக்கம் சாய்ந்தும் பின்னலாக ஊன்றி மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நானே பத்து அடிக்கு அப்படி நட்டிருக்கிறேன். மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பட்டுப்போன இடத்துக்கு மறுவருடம் போத்து ஊன்ற வேண்டும். ஆடு நுழையாத அடர்த்தி வர மூன்று வருடமாவது ஆகும்; அதுவரை கம்பியும் இருக்கட்டும்.

கொடிகளையும் பழச்செடிகளையும் நீங்கள் நட வேண்டாம். கிளுவை ஆள் உயரம் வந்து சின்னானும் தவிட்டுக்குருவியும் உட்காரத் தொடங்கினால் கோவையும் சங்கஞ்செடியும் எச்சத்தோடு வந்துவிடும். வேலியோரம் பொறுக்கிப் போட்ட கல்குவியல், பழைய புற்று, பட்டுப்போய் நிற்கும் பனை மூன்றையும் அப்படியே விடுங்கள். பனங்காடை, புள்ளி ஆந்தை, பச்சைக்கிளி எல்லாம் மொட்டைப் பனையின் பொந்தில்தான் குடியிருக்கும். உயிரோடு நிற்கும் பனையை மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 2021இல் தமிழக அரசு சொல்லியிருக்கிறது. பட்ட பனைக்காகப் பேச ஆளில்லை. நீங்கள் பேசுங்கள்.

4. கொறங்காடு: புல்லை மீட்பது

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர் வரைக்கும் பரவிய மேய்ச்சல் முறை கொறங்காடு. ஆண்டுக்கு அறுநூறு மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெய்கிற, கிணறு நம்ப முடியாத மேட்டாங்காட்டில், பயிரை நம்பாமல் புல்லை நம்பி நம் முன்னோர் கட்டிய ஏற்பாடு. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் புல்லை மேய்ந்து வளர்பவை. இது மனிதன் அமைத்த நிலம்தான். ஆனால் கௌதாரி, காடை, வானம்பாடி, முயல், கீச்சான், இராப்பக்கி எல்லாம் இதைத் தங்கள் வீடாக எடுத்துக்கொண்டுவிட்டன. மேய்ச்சல் நின்றால் கொறங்காடும் நிற்காது. ஒன்று முள்காடாகும், இல்லாவிட்டால் சைட்டாகும். அதனால் ஆட்டை வெளியே துரத்திவிட்டுப் பாதுகாக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புல் இன்னும் திட்டுத்திட்டாக மிச்சமிருந்தால் உழ வேண்டாம். ஓய்வு கொடுத்தாலே போதும். காட்டை மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் கிளுவையோ முள் படலோ வைக்கலாம். ஐப்பசி மழையில் புல் தழைத்ததும் எல்லோருக்கும் ஆட்டை அவிழ்த்துவிடத்தான் கை பரபரக்கும். ஒரு பங்கிலாவது கதிர் முற்றி விதை உதிரும் வரை, அதாவது மார்கழி பாதி வரை, ஆடு நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேறு பங்கு. மூன்று வருடத்தில் மூன்று பங்கும் ஒருமுறை விதை போட்டிருக்கும். எங்கள் காட்டில் இது ஒன்றைத்தான் செய்தோம். இரண்டாவது வருடமே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் தாமாக வந்தன. இந்தப் பயறு வகைகள் புல்லுக்கு உரம், ஆட்டுக்குச் சத்து.

புல்லே இல்லாமல் மொட்டையாகப் போன காடு என்றால் விதைக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதையைப் பக்கத்துக் காட்டிலிருந்தே உருவிக்கொள்ளுங்கள். அந்த மண்ணுக்கும் அந்த வறட்சிக்கும் பழகிய விதை கடையில் கிடைக்காது. உருவியதும் விதைத்தால் சரியாக முளைக்காது. அதற்கு உறக்கம் உண்டு. சாக்கில் கட்டி ஆறேழு மாதம் வைத்திருந்து அடுத்த மழைக்கு விதையுங்கள். ஏக்கருக்கு இரண்டு முதல் மூன்று கிலோ போதும். விதை பஞ்சு போல் இருப்பதால் காற்றில் பறக்கும், கையை விட்டுச் சரியாக விழாது. ஈர மணலோடு கலந்து தூவுங்கள், அல்லது செம்மண்ணும் சாணமும் பிசைந்து சுண்டைக்காய் அளவில் உருட்டிப் போடுங்கள். ஆழமாக மூடாதீர்கள். முள்செடி ஒன்றை இழுத்துக்கொண்டு போனால் போதிய மண் மேலே விழும். முதல் வருடம் முழுக்க ஆடு வேண்டாம்.

பழைய காலத்தில் புல் கிழடாகி மண் இறுகிவிட்டால், சில வருடங்களுக்கு ஒருமுறை காட்டை ஓர் உழவு ஓட்டி, சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பார்கள். மண்ணில் கிடந்த புல் விதை அடுத்த மழையில் தானே கிளம்பும். இதையும் செய்யலாம். டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி மாவாக்கிவிடாதீர்கள். ஒரே வருடத்தில் முழுக் காட்டையும் உழாதீர்கள், தரையில் இருக்கும் உயிர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும்.

மரம்? சரி, இப்போது வரலாம். வெள்வேல்தான் முதல். கோடையில் பச்சை எதுவும் இல்லாத நேரத்தில் அதன் காய் உதிரும்; ஆடு ஓடிப் போய்ப் பொறுக்கும். தடித்த தோல் கொண்ட விதை ஆட்டின் வயிற்றில் பக்குவமாகி வெளியே வரும். பட்டி கூட்டும்போது அந்த விதையைச் சேர்த்து வைத்து மழைக்கு ஊன்றுங்கள். பட்டி இல்லாதவர்கள் கொதிக்கும் நீரை விதையின் மேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு நடலாம். வேம்பு தானே வரும். ஊஞ்சை கிடைத்தால் ஒன்றிரண்டு. ஏக்கருக்குப் பத்து, மிஞ்சிப் போனால் இருபது. அதற்கு மேல் போனால் நிழல் புல்லைத் தின்றுவிடும், வானம்பாடி இடம் மாறிவிடும். இடைவெளிதான் கொறங்காட்டின் அழகு. அதைப் பார்த்து "இங்க நிறைய மரம் வெக்கலாமே" என்று யாருக்காவது தோன்றினால் அவரைப் பக்கத்து நகரத்து ரோட்டோரத்தைக் காட்டி அனுப்பி வையுங்கள். அங்கே உண்மையிலேயே மரம் வேண்டும்.

5. சீமைக்கருவேலம்

எல்லோருக்கும் தெரிந்த எதிரி, எல்லோரும் தப்பாக அடிக்கிற எதிரி. மேலே வெட்டினால் நாலு கிளைக்கு நாற்பது கிளை வரும். தரைக்குக் கீழே ஓரடி வரை இருக்கும் வேர்த்தலையோடு எடுத்தால்தான் சாகும். மழை விழுந்து மண் இளகியிருக்கும்போது சின்னச் செடிகளைக் கடப்பாரையால் நெம்பி எடுங்கள், பெரியதற்குத்தான் ஜேசிபி. காய் பழுக்கும் முன் எடுத்துவிடுவது நல்லது. காய் தின்ற ஆட்டையும் மாட்டையும் நேராக நல்ல கொறங்காட்டுக்குள் ஓட்டினால், அடுத்த மழைக்கு அங்கே ஆயிரம் கன்று நிற்கும்.

மொத்தக் காட்டையும் ஒரே வாரத்தில் மொட்டையடிப்பதுதான் பெரிய தவறு. வெறும் மண்ணில் முதலில் வருவது மறுபடி சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும்தான். வருடத்துக்கு அரை ஏக்கர் எடுங்கள், எடுத்த இடத்தில் அந்த மழைக்கே புல் விதை போடுங்கள், அடுத்த மூன்று நான்கு வருடம் புதுக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருங்கள். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். பிடுங்கும் வேலைதான் முக்கால்வாசி. அதற்கு ஆள் இல்லையென்றால் ஜேசிபிக்குப் பணம் கட்டாதீர்கள். விறகையும் கரியையும் விற்றால் செலவில் ஒரு பங்கு திரும்ப வரும்.

குளத்துக்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால் கை வைக்க வேண்டாம். கூடு காலியானதும், பக்கத்தில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து பறவைகள் அதற்கு மாறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். 2022இல் தமிழக அரசு அயல் செடிகளை அகற்றி இயற்கைச் சூழலை மீட்க ஒரு தனிக் கொள்கையே வெளியிட்டது. பெரிய பரப்பில் செய்ய நினைப்பவர்கள் அதைக் காட்டி உதவி கேட்கலாம்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு எதிரி உண்ணிச்செடி. அது வனத்துறை எல்லைக்குள் இருந்தால் நீங்கள் தனியாக இறங்க வேண்டாம்.

6. குட்டையும் குளமும்

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் ஓடத் தொடங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரில் ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. தண்ணீரைக் குழாயில் கொண்டு வருகிறது. அறுபது வருடம் பேசிய திட்டம், வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் தண்ணீர் வந்த பிறகு குளத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல ஊர்களில் தண்ணீர் வரப்போகிறது என்றதும் கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டு, குளத்தைச் சோற்றுக் கிண்ணம் போல் ஆக்கிவிட்டார்கள்.

கிண்ணத்தில் பறவை நிற்க முடியாது. உள்ளானுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். நாரைக்கு முழங்கால் அளவு. வாத்துக்கும் முக்குளிப்பானுக்கும் அதைவிட ஆழம். தவளை முட்டையிட ஓரத்தில் கோரையும் சம்பும் வேண்டும். இவ்வளவும் ஒரே குளத்தில் கிடைக்க வேண்டுமென்றால் தரை ஏறி இறங்கி இருக்க வேண்டும்.

அதனால் தூர்வாரும்போது மொத்தத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டாதீர்கள். மதகுப் பக்கம், கரையை ஒட்டி ஆழம் இருக்கட்டும். தண்ணீர் உள்ளே வரும் பக்கம் தட்டையாகச் சரிந்து வரட்டும். ஒரு வருடம் பாதிக் குளம், அடுத்த வருடம் மீதி. ஆமையும் நத்தையும் சேற்றுக்குள் உறங்கும் மீனும் மீதிப் பாதியில் பிழைத்துக்கொள்ளும். வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு காட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். கொறங்காட்டில் மட்டும் கொட்ட வேண்டாம், குளத்து விதைகள் அங்கே வந்துவிடும். தூர்வாரும் மாதங்கள்தான் ஆள்காட்டி முட்டையிடும் மாதங்களும். வேலை தொடங்கும் அன்று காலையில் ஒருவர் குளத்துக்குள் நடந்து பார்த்து, முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு டிரைவரிடம் காட்டிவிட்டால் போதும். எங்கள் ஊர் ஜேசிபி டிரைவர் இரண்டாவது நாளிலிருந்து தானே தேடத் தொடங்கிவிட்டார்.

நடுவில் ஒரு மண்திட்டு விட்டு நாட்டுக் கருவேலம் வையுங்கள். நாயும் பூனையும் போக முடியாத திட்டில்தான் பறவை நம்பிக் கூடு கட்டும். கரையில் பனை. கரையின் ஒரு பகுதியை மட்டும் மக்கள் நடக்க விட்டுவிட்டு, மறுபகுதியைப் புதராகவே விடுங்கள். விளக்கு வேண்டாம்.

மீன் விஷயத்தில் கை நீளக்கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன். குளத்தில் ஒருமுறை விட்டால் தவளைக் குஞ்சு முதல் நாட்டு மீன் வரை எல்லாவற்றையும் தின்றுவிடும். ஜிலேபி மீனும் ஓரத்தைத் தோண்டிக் கூடு போட்டு மற்றதைத் துரத்தும். கொசுவுக்கு என்று கம்பூசியா என்ற அயல் மீனை விடுவது பழைய யோசனை. அயிரையும் குறவையும் இருக்கிற குட்டையில் கொசுப்புழு தங்காது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த வண்ண மீனையும் ஆமையையும் பாவம் பார்த்துக் குளத்தில் விடுகிறவர்கள் அந்தப் பாவத்தைக் குளத்துக்குச் செய்கிறார்கள்.

கடைசியாக, முதலில் சொல்லியிருக்க வேண்டியது: தண்ணீர் வரும் வழி. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் நிற்கும். பள்ளத்தையும் வரத்து வாய்க்காலையும் மூடி மனை போட்டுவிட்டால் குளம் அதோடு முடிந்தது. ஊருக்குள்ளிருந்து சாக்கடை நேராக விழுகிறதென்றால், விழும் இடத்தில் சம்பும் கோரையும் அடர்ந்த ஒரு சின்னப் பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடுங்கள். அழுக்கில் பெரும்பகுதி அங்கே தங்கும், ஆகாயத்தாமரை குளம் முழுக்கப் படராது. சாயக் கழிவு என்றால் இதெல்லாம் வேலைக்காகாது. 1992இல் பாசனத்துக்குத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனதையும் நாம் கண்ணால் பார்த்தவர்கள். நமக்குக் கடல் இல்லை என்று மேலே சொன்னேன். நொய்யலில் விட்டது காவிரி வழியாகப் பூம்புகார் போய்ச் சேர்கிறது. அந்தக் கணக்கில் கடலும் நம்முடையதுதான்.

சரியாகக் கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே போக வேண்டாம். திருப்பூர் ஓரத்தில் இருக்கும் நஞ்சராயன் குளம், 125 ஹெக்டேர் சொச்சம், பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஈரோட்டு வெள்ளோடு 2022இலேயே சேர்ந்துவிட்டது. தை மாதத்தில் ஒரு காலை இரண்டில் ஒன்றுக்குப் போய்த் தரையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் குட்டையைத் திட்டமிடுங்கள்.

7. நாய், விஷம், மயில்

ரோட்டோரம் கொட்டும் கோழிக்கடைக் கழிவில் நாய்கள் கூட்டமாகப் பெருகி, இரவில் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறுவது காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பெரிய துயரம். இழப்பீடு கேட்டு மறியல் வரை போனார்கள். பட்டியில் ஆடு செத்தால் கணக்கு வருகிறது. அதே நாய் தின்கிற முயல், கௌதாரி முட்டை, உடும்புக் குஞ்சுக்குக் கணக்கில்லை. கழிவு கொட்டும் இடத்தை நிறுத்துவதும், ஊராட்சி மூலம் நாய்களுக்குக் கருத்தடை செய்ய வைப்பதும் பல்லுயிர்ப் பாதுகாப்பு வேலைதான். எந்தக் கன்று நடுவதையும்விடப் பெரிய வேலை.

விஷம் வைக்காதீர்கள். நாய்க்கு வைத்ததை நரியும் பருந்தும் தின்னும். மயிலுக்கு வைத்தால் அது வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணை, சிறை நிச்சயம். மயிலால் விதைப்பு போகிறது என்பது உண்மை, எங்கள் வீட்டிலும் நிலக்கடலை போயிருக்கிறது. விதைத்த முதல் பத்துப் பதினைந்து நாள் காலையும் மாலையும் ஆள் காவல் நிற்பதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது. பளபள நாடா மூன்று நாளைக்கு வேலை செய்யும், அப்புறம் மயில் அதன் மேலேயே உட்காரும்.

சத்தியமங்கலம், மாயாறு பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதல். மாட்டுக்குப் போடும் வலி மருந்துகளில் டைக்ளோஃபினாக் ஊசி 2006 முதலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் 2023 முதலும் தடை. அந்த மருந்து ஏறிய மாடு செத்துப் பாறு கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செத்துவிடும். அதற்குப் பதிலாக மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள்.

8. ஊரைச் சேர்ப்பது

தனி ஆளாகச் செய்வது உங்கள் வேலியோடு நிற்கும். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊர் மக்களின் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது பேப்பரில் மட்டும் இருக்கலாம். உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய், "இதைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்ன புல எண்ணில் உள்ள இட்டேரியை அகலப்படுத்தும் முன் குழுவைக் கேளுங்கள்" என்று தீர்மானம் கேளுங்கள். கோபி பக்கம் எலத்தூர் குளம் 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியோர் அறிவிப்புக்கும் அடிப்படை, அங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல்தான்.

பேசும்போது பறவையில் தொடங்காதீர்கள். ஆட்டுத் தீவனம், கிணற்றுத் தண்ணீர், இட்டேரிப் பாதை என்று தொடங்குங்கள். மேய்ப்பவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் முதல் கூட்டத்தில் நான் பேசியதற்கு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் மாமா எழுந்து, "வேலியப் பிரிச்சா ஆட்டுக்கு ஆளு போட்டுத்தானுங்க மேய்க்கோணும், கூலி நீங்க குடுக்கறீங்களா?" என்றார். தீர்மானம் அன்றே நிறைவேறியது.

9. கணக்குப் பார்ப்பது

முதல் வருடம் நடந்த அதே தடத்தில், அதே நேரத்தில், திரும்ப நடங்கள். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் குட்டையையும் சேர்த்துவிட்டால், வருடம் ஒரு எண்ணிக்கையாவது தவறாது. பறவையோடு நிறுத்தாதீர்கள். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குச்சி நட்டு, அதற்குள் எத்தனை வகைப் புல், எத்தனை வகைப் பயறு என்று கார்த்திகையில் எண்ணுங்கள். ஐந்து இடத்தில் செய்தால் போதும். சில எண்கள் குறையும். புல் உயர்ந்தால் ஆள்காட்டி கொஞ்சம் தள்ளிப் போகும், கௌதாரி வரும். அதற்காக ஒரு மூலையை எப்போதும் ஆடு ஒட்ட மேய்ந்த நிலையில் வைத்திருக்கிறோம்.

எங்கள் நோட்டில் பாதிப் பக்கங்கள் மாமாவின் கையெழுத்து. பறவைக்கு எதிரே அன்று எத்தனை ஆடு மேய்ந்தது, எந்தப் பங்கில், எத்தனை குட்டி என்று எழுதி வைத்திருக்கிறார். கழிந்த மார்கழிப் பக்கத்தில் என் கையெழுத்தில் பூனைப்பருந்து ஒன்று என்று இருக்கிறது. அதற்குக் கீழே அவர் எழுதியிருக்கிறார்: "மூணாம் பங்கு வெதை முத்தல. இன்னும் பத்து நாளைக்குப் படலத் தெறக்க வேண்டாம்."